ஏழு நாள் ஜமீன்

இனாமாகக் கிடைக்கும் சாப்பாட்டில் மூன்று வகை நமக்கு நன்றாகத் தெரியும். கல்யாணச் சாப்பாடு ஒன்று, கோயில் அன்னதானம் ஒன்று, தேர்தல் காலத்துப் பிரியாணிப் பொட்டலம் ஒன்று. முதலாவதற்கு மொய் எழுதிவிட்டு வருகிறோம். இரண்டாவதற்கு வாசலிலேயே உண்டியல் இருக்கிறது. மூன்றாவதன் விலையை ஐந்து வருஷம் தவணை முறையில் செலுத்துகிறோம். இப்போது நாலாவது வகை ஒன்றும் உண்டு. மலைக்கும் கடற்கரைக்கும் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறவர்களைத் தேடிப் பிடித்து, உபசாரம் செய்து, பெரிய ஹோட்டலில் உட்கார வைத்துப் போடும் சாப்பாடு அது. அதை உண்டு கையெழுத்திட்டவர்கள் இருபத்தைந்து வருஷம் விலை கொடுக்கிறார்கள்.

இந்த வியாபாரத்துக்கு 'டைம் ஷேர்' என்று பெயர். தமிழில் 'நாள் பங்கு' என்று சொல்லலாம். மலை விடுதியில் வருஷத்துக்கு ஏழு நாள் தங்கும் பாத்தியதையை, பல வருஷங்களுக்கும் சேர்த்து முன்னதாகவே பணம் வாங்கிக்கொண்டு விற்பதுதான் விஷயம். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சென்னை ராஜதானியில் ஜமீன்களை ஒழித்தோம் என்று சந்தோஷப்பட்டோம். ஒழிந்த ஜமீன் இப்போது ஏழு ஏழு நாளாக நறுக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது! வருஷத்தில் ஏழு நாள் நீங்கள் ஜமீன்தார். மிச்சம் முந்நூற்று ஐம்பத்தெட்டு நாளும் கிஸ்தி கட்டும் குடியானவர்.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் விடுமுறை என்பது பள்ளிக்கூட மணி அடித்து வருவதில்லை. வருஷம் முழுவதும் கந்தக பூமியின் வெயிலில் பட்டாசு செய்து காயவைத்து, தீபாவளிக்கு முன் தேசத்தின் நாலு மூலைக்கும் லாரி ஏற்றி அனுப்பிவிட்டு, தீபாவளி கழிந்த பிறகுதான் இந்தச் சீமை மூச்சு விடுகிறது. ஆலைகள் ஏறக்குறைய ஒரு மாதம் கதவடைத்திருக்கும். கையில் போனஸோ, விற்றுமுதலோ, கொஞ்சம் ரொக்கமும் இருக்கும். அப்போதுதான் குடும்பங்கள் குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் கன்னியாகுமரிக்கும் புறப்படுகின்றன. ஓய்வும் ரொக்கமும் ஒருங்கே சேர்ந்திருக்கும் மனிதனைக் காட்டிலும் விற்பனைக்காரர்களுக்கு உகந்த விருந்தாளி யார்?

விருந்தாளியை அவர்கள் கண்டுபிடிக்கும் வழியைக் கேளுங்கள். ஜவுளிக்கடையிலோ பொருட்காட்சியிலோ பெட்ரோல் பங்கிலோ ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். பக்கத்தில் ஒரு சீட்டுக் கட்டு. பெயர், வயது, டெலிபோன் எண், மாத வருமானம் இவற்றை எழுதிப் போட்டால் குலுக்கலில் கார் கிடைக்கும் என்பார்கள். கார் யாருக்குக் கிடைத்தது என்பது நமக்குத் தெரிய வருவதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து நாளில் டெலிபோன் மட்டும் நிச்சயமாக வரும். 'தாங்கள் அதிர்ஷ்டசாலி. மூன்று பகல், இரண்டு இரவு இலவசமாகத் தங்கும் வவுச்சர் தங்களுக்கு விழுந்திருக்கிறது. இன்ன ஹோட்டலுக்குத் தொண்ணூறு நிமிஷம் வந்து பெற்றுக்கொண்டால் போதும்' என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். விடுமுறை ஸ்தலங்களில் இந்த டெலிபோனும் தேவையில்லை. ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ சிரித்த முகத்துடன் ஓர் இளைஞர் எதிரே வந்து, சுரண்டிப் பார்க்கும் சீட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார். சுரண்டினால் பரிசு விழாமல் இருப்பதே இல்லை.

இந்த அதிர்ஷ்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தம்பதி சமேதராக வரவேண்டும். தனியாக வருகிறவருக்குப் பரிசு கிடையாது. சந்நியாசிகளுக்கு அதிர்ஷ்டமே கிடையாது! இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். வேண்டாத பொருளை யாராவது தலையில் கட்ட வந்தால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லித் தப்புவது தமிழ்நாட்டுப் புருஷர்களின் வழக்கம். "அவுக வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்பது ஸ்திரீகளின் வழக்கம். எத்தனையோ குடும்பங்களின் பணப்பெட்டியைக் காத்து வந்திருக்கும் பூட்டு இது. இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துவிட்டால் அந்தப் பூட்டு கழன்று விழுந்துவிடுகிறது. அதோடு, மனைவியும் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்கையில் "எனக்கு அவ்வளவு சக்தி இல்லை" என்று சொல்ல எந்த மனிதருக்கு நாக்கு எழும்பும்?

கொடைக்கானலில் நாமும் இத்தகைய கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். கூட வந்தவர் விருதுநகரில் பலசரக்கு மண்டி வைத்திருக்கும் நமது நண்பர் அண்ணாச்சி. அவருடைய சம்சாரமும் நம் வீட்டாரும் உடன் வந்தார்கள். கம்பெனியின் பெயர் இங்கே அவசியமில்லை. மண்டபத்தில் இருபது மேஜைகள். மேஜைக்கு ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு கழுத்துப்பட்டை இளைஞர். சங்கீதம் வேறு காதைத் துளைத்தது. பக்கத்து மேஜைக்காரர் என்ன பேசுகிறார் என்று கேட்க முடியாது. அதற்காகவே சங்கீதம் வைத்திருக்கிறார்கள் என்பது அண்ணாச்சியின் அபிப்பிராயம்.

முதல் அரைமணி நேரம் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. வருஷத்துக்கு எத்தனை நாள் வெளியூர் போகிறீர்கள், என்ன செலவாகிறது, குழந்தைகளுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று குடும்ப வைத்தியர் மாதிரி விசாரித்தார் இளைஞர். நாம் சொன்ன தொகையைக் காகிதத்தில் எழுதி, வருஷா வருஷம் விலைவாசி ஏறுவதாகக் கணக்குப் போட்டு, இருபத்தைந்து வருஷத்தில் ஹோட்டல்காரர்களுக்கு நாம் கொடுக்கப்போகும் பணத்தைக் கூட்டிக் காட்டினார். அதைப் பார்த்து நமக்கே நம்மீது கோபம் வந்தது. பிறகு ஆல்பம் வந்தது. ஊட்டி, மூணாறு, கோவா, அப்பால் சிங்கப்பூர், சுவிட்ஸர்லாந்து! இடையில் யாரோ மணி அடித்தார்கள். "இப்பொழுது மதுரைக் குடும்பம் ஒன்று நம்முடன் சேர்ந்திருக்கிறது" என்று ஒலிபெருக்கி முழங்கிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியாக விலை வந்தது. அண்ணாச்சி தலையை ஆட்டியதும், எங்கிருந்தோ மானேஜர் ஒருவர் பிரசன்னமாகி விலையில் ஒரு பகுதியைக் குறைத்தார். மறுபடி ஆட்டியதும் இன்னும் குறைத்தார். "இந்தச் சலுகை இன்று மாத்திரம்" என்று அடிக்கோடும் போட்டார்.

விருதுநகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுற்றுப்புறம் கரிசல் காடு. பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆயினும் மிளகாய் வற்றலுக்கும் துவரம்பருப்புக்கும் எண்ணெய்க்கும் அந்த ஊர்ச் சந்தையில் சொல்லும் விலையைத் தென்னாடு காது கொடுத்துக் கேட்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது மானேஜருக்குத் தெரியாது. அண்ணாச்சி மூன்று கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்ககிட்ட மொத்தம் எத்தனை ரூம் இருக்கு? எத்தனை பேருக்கு வித்திருக்கீக?" என்பது முதற் கேள்வி. இளைஞர் ரிஸார்ட்டுகளின் எண்ணிக்கையைச் சொன்னாரேயன்றி, விற்ற எண்ணிக்கையைச் சொல்லவில்லை. "சரி, நாளைக்கே எனக்கு வேண்டாம்னு தோணுது. இதே சரக்கை என்ன விலைக்குத் திருப்பி எடுத்துக்குவீக?" என்பது இரண்டாவது. மானேஜர் புன்னகை புரிந்தார். "விக்கிற விலையும் வாங்குற விலையும் சேர்த்துச் சொன்னாத்தான் எங்க ஊர்ல அதுக்கு விலைன்னு பேரு" என்றார் அண்ணாச்சி. மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. "ராத்திரி யோசிச்சுட்டு, நாளைக் காலையிலே இதே பணத்தோட வாரேன். இதே விலைக்குக் கொடுப்பீகளா?"

"இந்த மேஜையைவிட்டு எழுந்தால் இந்த விலை கிடையாது, சார்" என்றார் மானேஜர்.

"அப்போ எந்திரிச்சுட வேண்டியதுதான்" என்று அண்ணாச்சி எழுந்தார். "மண்டியிலே காலைக்கு ஒரு விலை, சாயங்காலத்துக்கு ஒரு விலை உண்டு, தம்பி. ஆனா மூட்டையிலே குத்தூசி போட்டுச் சாம்பிள் பார்க்காம எவனும் விலை பேசமாட்டான்" என்று சமாதானமாகவே சொல்லிவிட்டு வந்தார். வவுச்சரும் கிடைத்தது. பின்புறத்துப் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. இத்தனை நாளுக்குள் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டும். சனி, ஞாயிறு, பண்டிகை நாட்கள் ஆகா. சாப்பாட்டுச் செலவு கட்டாயம். தேதி கம்பெனியின் சௌகரியப்படி. அண்ணாச்சியின் சம்சாரம் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நாம இறங்கியிருக்கிற லாட்ஜே தேவலை" என்று அபிப்பிராயம் தெரிவித்தார்.

நிற்க. இந்த நாள் பங்கு முறையே மோசடி என்று நாம் சொல்லவில்லை. 1960-களில் பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில் இது தோன்றிற்று. தனியாக ஒரு பங்களா வாங்கச் சக்தியில்லாதவர்கள் பலர் சேர்ந்து ஆளுக்குச் சில வாரம் அனுபவிப்பது என்பது நியாயமான யோசனைதான். பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய வியாபாரமாக வளர்ந்தது. ஓர் ஊர் விடுதியில் உள்ள தம் வாரத்தைக் கொடுத்து வேறோர் ஊர் விடுதியில் வாரம் பெற்றுக்கொள்ளும் பரிவர்த்தனை ஸ்தாபனம் ஒன்று 1974-ல் அங்கே ஏற்பட்டது. நம் நாட்டில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெர்லிங் கம்பெனி 1986-லும், மஹிந்திரா ஹாலிடேஸ் கம்பெனி 1996-லும் இத்துறையில் தொடங்கின. நாள் பங்கு வாங்கி, திட்டமிட்டு, வருஷந்தோறும் போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வரும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. விசாரிக்க வேண்டியது, யோசிக்க அவகாசமின்றி இந்தச் சரக்கு விற்கப்படும் முறையைத்தான்.

நாள் கணக்கில் பங்கு போட்டுக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. தென்பாண்டிச் சீமையில் மானாவாரிப் பூமிக்கு நடுவே ஒரு கிணறு இருந்தால், அண்ணன் தம்பி பங்காளிகள் அதில் 'முறை' வைத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை ஒருவர் இறைத்தால் செவ்வாய்க்கிழமை இன்னொருவர். இந்த முறை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நிலத்தோடு பிள்ளைகளுக்குப் போகும், நிலத்தோடு விற்கலாம். கோயில் பூஜையிலும் இப்படியே முறை உண்டு. நாள் பங்குக்கு நம்முடைய பழைய பெயர் 'முறை' என்பதுதான்.

கிணற்று முறையையும் கம்பெனி முறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிணறு கண் முன்னால் இருக்கிறது. எத்தனை பங்காளிகள் என்பது ஊருக்கே தெரியும். நம் நாள் எது என்பது நிச்சயம். தூர் வாரும் செலவு வந்தால் பங்காளிகள் கூடிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். கம்பெனிப் பத்திரத்திலோ, பெரும்பாலும் நமக்குக் கட்டடத்தில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அங்கத்தினர் என்ற பட்டம் உண்டு. குறித்த நாளும் பல திட்டங்களில் கிடையாது. 'இடம் இருந்தால்' என்ற சொல் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தை வருஷந்தோறும் கம்பெனி நிர்ணயிக்கும். அந்த வருஷம் நாம் போனாலும் போகாவிட்டாலும் கட்டியாக வேண்டும். அதாவது கிணற்றில் முறை என்று நினைத்து நாம் வாங்குவது, தண்ணீருக்கு மனுப் போடும் உரிமை.

இனிக் கணக்குக்கு வருவோம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். பழுது பார்க்க இரண்டு வாரம் போக, ஓர் அறையை ஐம்பது குடும்பத்துக்கு விற்கலாம். மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள். ஓர் அறையில் ஏழேழு நாளாக நாலு குடும்பம் தங்கலாம். மிச்சம் நாற்பத்தாறு குடும்பத்துக்கும் அதே மே மாதத்தில்தான் குழந்தைகளுக்கு லீவு! ஆகையால்தான் சில கம்பெனிகள் ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வருஷத்துக்கே வர்ணம் பூசி, பருவத்துக்குத் தக்கபடி விலை வைக்கின்றன. மலிவான வர்ணத்தை வாங்கிவிட்டு மே மாதத்தில் கொடைக்கானல் கேட்பது, மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை வைத்துக்கொண்டு முதல் வகுப்பில் ஏறுவது போலாகும்.

விலைக் கணக்கும் பார்ப்போம். எந்தக் கம்பெனியின் விலையும் அல்ல; கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொள்ளும் தொகை. இருபத்தைந்து வருஷத்துக்கு 4,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் ஏழு நாள் வீதம் மொத்தம் 175 நாள். வகுத்தால் நாளொன்றுக்கு 2,286 ரூபாய். "இவ்வளவு மலிவாக எங்கே கிடைக்கும்?" என்று விற்பனைக்காரர் இந்த இடத்தில் பேனாவை நீட்டுவார். நாம் இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும். அந்த நாலு லட்சத்தை நூற்றுக்கு ஏழு வட்டிக்கு பாங்கியில் போட்டால் வருஷத்துக்கு 28,000 ரூபாய் வரும். பராமரிப்புக் கட்டணம் 18,000 என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து 46,000. ஏழு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 6,571 ரூபாய்! பாங்கியில் போட்டவருக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து முதலும் அப்படியே இருக்கும். கையெழுத்திட்டவருக்கு முதல் கிடையாது. பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறினால் இருபத்தைந்தாவது வருஷம் அது மாத்திரம் 58,000 ரூபாய்க்கு மேல் போகும். தவணையில் வாங்கினால் தவணைக்கு வட்டியும் உண்டு.

சிவகாசிக் குடும்பங்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். அவர்களுடைய ஓய்வு தீபாவளிக்குப் பிறகு, ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. அப்போது மலையில் மழையும் மூடுபனியும், கூட்டம் குறைவு. லாட்ஜுக்காரர்கள் வாசலில் நின்று வரவேற்பார்கள். பேரம் பேசினால் வாடகை இறங்கும். மே மாதத்து நெரிசலில் இடம் கிடைக்காது என்ற பயத்தைக் காட்டித்தான் ஏழு நாள் ஜமீன் விற்கப்படுகிறது. நெரிசல் இல்லாத காலத்தில் போகிறவர்களுக்கு அந்தப் பயம் எதற்கு?

அன்றியும், நாளை விற்பது எப்படி என்று சிவகாசிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும் ஊர் அது. ராகுகாலம், எமகண்டம், சுபமுகூர்த்தம் எல்லாம் சேர்த்து முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் அச்சடித்து, அட்டையில் கட்டி, சொற்ப விலைக்கு வீடு வீடாகச் சேர்க்கிறார்கள். அந்த ஊர்க்காரரிடமே ஏழு நாளைச் சில லட்சத்துக்கு விற்க ஒருவர் வருகிறார் என்றால், அவருடைய தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

சிரிப்பதற்கு மாத்திரம் இதைச் சொல்லவில்லை. இந்த மேஜைகளில் கை மாறும் பணம் கோடீசுவரர்களின் பணமல்ல. கோடீசுவரர்கள் இலவச வவுச்சருக்கு வரமாட்டார்கள். சிறு கடைக்காரர், அச்சாபீஸ் ஃபோர்மன், பள்ளிக்கூட ஆசிரியர், பாங்கி குமாஸ்தா, இவர்களுடைய பணம். பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்கென்று பத்து வருஷம் சேர்த்த தொகை தொண்ணூறு நிமிஷத்தில் கை மாறிவிடுகிறது. அது மாத்திரமா? மேஜைக்கு அப்புறம் உட்கார்ந்திருக்கும் இளைஞரும் நம் வீட்டுப் பிள்ளைதான். பட்டம் பெற்று, வேறு வேலை கிடைக்காமல், விற்றால் கமிஷன் என்ற ஏற்பாட்டில் வந்திருப்பவர். அவர்மீது கோபிப்பதில் பயனில்லை. அண்ணாச்சியைப்போல் மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவதே அழகு.

அன்னிய தேசங்களில் இந்த விற்பனைக்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியனின் 2008-ஆம் வருஷத்து விதிப்படி, கையெழுத்திட்ட பிறகும் பதினாலு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அந்த அவகாசம் முடிகிற வரையில் கம்பெனி ஒரு காசுகூட வாங்கக் கூடாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாகாணச் சட்டம் பத்து நாள் கொடுக்கிறது. ஸ்பெயின் தேசம் 1998-ல் இயற்றிய சட்டம் இத்தகைய ஒப்பந்தங்கள் ஐம்பது வருஷத்துக்கு மேற்படக் கூடாது என்றது. அதை மீறிய ஒப்பந்தங்கள் செல்லாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. விற்பனை மேஜையில் மனிதனுக்கு இருக்கும் புத்தி வேறு, வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்த பின் இருக்கும் புத்தி வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்பதுதான் இதன் தாத்பரியம்.

நம் தேசத்தில் நாள் பங்குக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. சில கம்பெனிகள் தாமாகவே சில நாள் ரத்து அவகாசம் கொடுக்கின்றன. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் கெடுவுக்குள் எழுத்து மூலமாக ரத்துக் கடிதம் அனுப்பிவிட வேண்டும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குப் பொதுவான கவசம். பரிசு தருவதாகச் சொல்லி, சொன்னபடி தரும் எண்ணமே இல்லாமல் ஆளை அழைப்பது அச்சட்டப்படி முறையற்ற வியாபாரம். கம்பெனியின் தலைமையகம் சென்னையிலோ பம்பாயிலோ இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து யோசனை கேட்கலாம். பதினாலு நாள் அவகாசத்தை நமது பார்லிமெண்டும் சட்டமாக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. அதற்காகக் கஜானாவிலிருந்து ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டியதில்லை.

சட்டம் வருகிறபோது வரட்டும். இந்தச் சீமைக்குத் தன் சொந்த அநுபவமே போதிய ஆசான். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். கற்பதற்கு அவர்கள் மாதக்கணக்காகத் தங்கினார்கள். தொழிலைக் கண்ணால் பார்த்து, கையால் செய்து, கணக்கும் தெரிந்துகொண்டு ஊர் திரும்பிய பிறகுதான் முதல் போட்டார்கள். இன்றைய சிவகாசியின் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் அந்தப் பொறுமைதான் அஸ்திவாரம். விருதுநகரில் வியாபாரிகள் தங்கள் வரவில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று ஒதுக்கினார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த பொதுப்பணத்தில் நடந்த க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் 1903-ல் பிறந்த காமராஜர் சிறு பையனாகப் படித்தார். பலர் சேர்ந்து பங்கு போடும் வித்தையை இதைவிட உயர்வாகச் செய்தவர்கள் யார்? அங்கே கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. கொடுத்த பணத்தின் பலன் கண் முன்னால் நின்றது.

ஆகவே விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். கண்ணாடிப் பெட்டியில் சீட்டு எழுதிப் போடாதீர்கள். போட்டுவிட்டு டெலிபோன் வந்தால், விடுமுறையின் ஒரு சாயங்காலத்தை அதற்காகச் செலவழிப்பது லாபமா என்று யோசியுங்கள். போகத்தான் வேண்டுமென்றால் கிரெடிட் கார்டையும் பாங்கிப் பணம் இருக்கும் கைபேசியையும் அறையில் வைத்துவிட்டுப் போங்கள். ஒப்பந்த நகலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவே பதில். அண்ணாச்சியின் மூன்று கேள்விகளையும் மறவாதீர்கள். முதல் இரண்டு மறந்துபோனாலும் மூன்றாவதை மறக்க வேண்டாம். நாளைக்கு விற்க முடியாத சரக்கை இன்றைக்கு வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.